யந்திரத்துக்கு ஏது ஞாபகம்? (கேள்வி – பதில்)

கம்ப்யூட்டர் நினைவகத்தில் ராம், ரோம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சைக்கு வேண்டிய அளவு சொன்னால் போதும்.
– ஒரு மாணவி, கும்பகோணம்

மின்சாரம் நின்றதும் வைத்திருந்த அனைத்தையும் துறந்து பரம ஞானியாகிவிடுவது ராம். பிறக்கும்போதே கற்பிக்கப்பட்ட நாலு வார்த்தைகளை, மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடாப்பிடியாய்ப் பிடித்துக்கொண்டிருப்பது ரோம். இரண்டு மதிப்பெண்ணுக்கு இது போதும். ‘பரம ஞானி’ என்பதை மட்டும் விடைத்தாளில் எழுத வேண்டாம்.

கட்டுரை ஒன்றைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், மூன்று பக்கங்களும் மாயமாய் மறைந்தன. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யந்திரத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

ஒரு நிமிஷமா, ஐயா! ஒரு விநாடியைக்கூட அது சுயபலத்தில் நிச்சயமாய்த் தாண்டும் என்று சொல்வதற்கில்லை. தாங்கள் அடித்ததை வைத்திருந்த ராமின் ஒவ்வொரு சிற்றறையிலும் இருப்பது மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றும், அதற்குக் காவலாக ஒரு டிரான்சிஸ்டரும் மட்டுமே, 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கண்ட இந்த ஏற்பாடு, எளிமையினால் மலிவாகி, மலிவினால் உலகெங்கும் பரவிற்று என்றாலும், தேக்கிய மின்னூட்டம் ஓயாமல் கசிந்துகொண்டிருப்பதனால், 64 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்குச் சுமார் 16 தடவை, ஒவ்வோர் அறையையும் வாசித்து, வாசித்ததை அங்கேயே திரும்ப எழுதியாக வேண்டும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடாதிருக்க வழியெல்லாம் ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று ஜபித்துக்கொண்டே வந்து, வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லித் தொலைத்த கதையைத் தாங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். தங்கள் மூன்று பக்கங்களையும் யந்திரம் அவ்வாறே ஜபித்துக்கொண்டுதான் இருந்தது. மின்வெட்டு வாய்க்காலாய்க் குறுக்கிட்டது.

ராம் வருவதற்கு முன் கம்ப்யூட்டர்கள் எதில் நினைவு வைத்திருந்தன?
– நூலகர், நாகர்கோவில்

பாதரசத்தில். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அமைத்து, 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் யந்திரத்தில், பாதரசம் நிரப்பிய நீண்ட எஃகுக் குழாயின் ஒரு முனையில் எழுப்பிய ஒலித் துடிப்பு, மறுமுனையைச் சேர்ந்ததும் மின் துடிப்பாக மாற்றப்பட்டு, வழியில் தேய்ந்தது சரிசெய்யப்பட்டு, மீண்டும் முதல் முனைக்கே அனுப்பப்படும். நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பதே அதன் ஞாபகம், நின்றால் மறதி. பாதரசத்துக்குப் பதிலாக ஜின் மதுவை நிரப்பலாம், அதில் சாராயமும் நீரும் சரியான விகிதத்தில் கலந்திருப்பதால் அறையின் உஷ்ணம் சற்று மாறினாலும் ஒலியின் வேகம் மாறாது என்று கணித மேதை ஆலன் டூரிங் யோசனை சொன்னதாக வில்க்ஸே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். யோசனை ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டிருந்தால், மதுவிலக்கு அமலிலிருந்த அந்நாளைய சென்னை மாகாணத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளவே பர்மிட் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

நிலவுக்குப் போன கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் பெண்கள் நெய்தார்கள் என்கிறாள் என் பேத்தி. கைத்தறிக்காரன் என்பதற்காக என்னைக் கேலி செய்கிறாளோ?
– நெசவாளர், பரமக்குடி

பேத்தி சொல்வது சத்தியம். அமெரிக்காவில் வால்தம் நகரத்து ரேதியான் தொழிற்சாலையில், அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் கம்ப்யூட்டருக்காக, ஊசியில் கோத்த மெல்லிய கம்பியைச் சிறு காந்த வளையங்களின் வழியே பெண்கள் கையால் செலுத்தினார்கள். வளையத்தின் உள்ளே போனால் 1, வெளியே போனால் 0. இப்படி நெய்த 36,864 சொற்கள்தாம், இன்றைய கணக்கில் சுமார் 72 கிலோபைட், மனிதனை நிலவில் இறக்கிய நிரல் முழுவதும். மின்சாரம் நின்றாலும் அழியாது. ஆனால், நெய்தபின் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் கம்பியைப் பிரிக்க வேண்டும் என்பதனால், பொறியாளர்கள் பயணத்துக்கு வெகு முன்னதாகவே தங்கள் நிரலை முடித்துக் கொடுத்துவிட நேர்ந்தது. அந்த நினைவகத்துக்குக் ‘கிழவியம்மாள் நினைவகம்’ என்று பட்டப்பெயர் சூட்டி அவர்கள் சிரித்துக்கொண்டார்களாம். கைவேலை செய்பவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எந்தத் தேசத்திலும் சற்றுக் குறைவுதான் போலும்.

முதல் ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியது?
– ஒரு வாசகர், ஈரோடு

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்டது; இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50, எடை சுமார் ஒரு டன், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று தாங்கள் செல்பேசியில் தங்களையே எடுத்துக்கொள்ளும் படங்களில் ஒன்றிரண்டு அதில் அடங்கினால் அதிருஷ்டம்.

1 டெராபைட் என்று எழுதியிருந்த ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டரோ 931 கிகாபைட் என்கிறது. கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா?
– வணிகர், தூத்துக்குடி

வேண்டாம், ஒரு பைட்டும் குறையவில்லை. தயாரித்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிப் பெட்டியில் அச்சிட்டார். தங்கள் விண்டோஸ் அதையே 1024-ஆல் வகுத்து வகுத்துக் காட்டுகிறது. விற்கும்போது பெரிய எண்ணையும், இருப்புக் காட்டும்போது சிறிய எண்ணையும் சொல்லும் கணக்கு, வணிகராகிய தங்களுக்குப் புதிதாயிராது.

ஒருவருக்கு எழுதிய கடிதங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். இனி நிம்மதியாயிருக்கலாமா?
– பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ஹார்டு டிஸ்க்காயிருந்தால் அவசரப்பட வேண்டாம். அழிந்தது அட்டவணையில் இருந்த பெயர்தான். கடிதங்கள், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். தட்டுகளில்லாத எஸ்.எஸ்.டி.யாயிருந்தால் பெரும்பாலும் அதுவே துடைத்துவிடும். எதுவென்று கல்யாணத்துக்கு முன் பார்த்துவிடவும்.

பேரனின் முதல் பிறந்தநாள் படங்களைப் பென் டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டேன். அவன் கல்யாணத்தின்போது எடுத்துப் பார்க்கலாமல்லவா?
– ஒரு பாட்டி, மயிலாப்பூர்

சந்தேகந்தான், அம்மா. பென் டிரைவுக்குள் இருப்பது, தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம். எலக்ட்ரான்களை மின்சாரம் கடவாத சுவருக்குள் சிறைவைக்கும் இந்த யுக்தியில், மின்சாரமின்றியும் செய்தி தங்குகிறது. எனினும் சிறைக்காவல் பூரணமன்று, வருஷக்கணக்கில் கைதிகள் ஒவ்வொருவராய் நழுவுகிறார்கள், வெயில் காலத்துப் பீரோவிலே இன்னும் விரைவாக. கைதிகள் தப்பவில்லையென்றே வைத்துக்கொள்வோம்; அன்றைக்கு அதைச் செருக ஒரு துவாரமுள்ள கம்ப்யூட்டர் கிடைக்க வேண்டுமே! இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் அரசனின் ஆணைப்படி 1086-இல் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900-ஆம் ஆண்டைக் கொண்டாடும் பொருட்டு, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாடு முழுவதும் சேகரித்த செய்திகளை லேசர் தட்டுகளில் பதிந்து வெளியிட்டது. பதினைந்து வருஷத்துக்குள் அத்தட்டுகளைப் படிக்கும் யந்திரங்கள் அருகி, அவற்றிலிருந்ததை மீட்க நிபுணர்கள் பெரும்பாடு பட்டார்கள். பழைய தோல் ஏட்டையோ லத்தீன் அறிந்தவர் இன்றும் படிக்கலாம்.

ஆகவே பென் டிரைவைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். படங்களை ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துத் தங்களிடமும், வேறொன்றில் எடுத்து மகள் வீட்டிலும் வையுங்கள். பேரனின் பிறந்தநாள்தோறும் இரண்டையும் திறந்து பாருங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை புதியதற்கு மாற்றிவிடுங்கள். நல்ல படமாகப் பத்துப் பொறுக்கி, இன்றைக்கே ஸ்டூடியோவில் காகிதத்தில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டிவிடுங்கள்.