சோட்டா பீமுக்கு ஊதா வேட்டி

வடசென்னையில், திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும், ஜெராக்ஸ் கடைகளில் ஆதார் நகலுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் நடுவே சத்தமில்லாமல் இன்னொரு வியாபாரம் நடக்கிறது. வண்ணம் தீட்டும் படத்தைக் கைப்பேசியில் தேடிப்பிடித்து, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிட்டு, "ரெண்டு காப்பி போடுங்கண்ணா" என்றால் போதும். டோரேமானும் சோட்டா பீமும் வெறும் கோடுகளாக வந்து விழுவார்கள். கறுப்பு வெள்ளைதான் என்பதால் விலையும் சொற்பம். விடுமுறை நாளில் வீட்டுக்குள் அரைமணி நேர அமைதியை இதைவிட மலிவாக வாங்க முடியாது. அதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. குழந்தை பீமின் வேட்டிக்கு ஊதா அடித்த அந்த நொடியில், அதுவரை டிவியை விட்டுக் கண்ணெடுக்காத பெரியவர்கள் எல்லாம் போக்குவரத்துக் காவலர்களாகிக் கை நீட்டுகிறார்களே, "வேட்டி ஆரஞ்சுடா!" என்று, அங்கேதான் என் வழக்கு ஆரம்பம். கோடு அச்சிட்டவருடையது, நிறம் குழந்தையுடையது. இந்தப் பாகப்பிரிவினையில் பெரியவர்களுக்குப் பங்கு கிடையாது.

படைத்தவர்களே தங்கள் நிறத்தில் நின்றதில்லை என்பது என் முதல் சாட்சி. டோரேமான் நீலமாகப் பிறக்கவில்லை. முதலில் மஞ்சள், காதுகளை எலி கடித்துத் தின்றுவிட, அழுது அழுது நீலமாகிப்போனது என்று ஒரு கதை உண்டு. ஆக, டோரேமானுக்கு மஞ்சள் அடித்து வசவு வாங்கும் பிள்ளை, வரலாறு தெரிந்த பிள்ளை. கிரேயான் விற்றவர்கள் யோக்கியதையும் அப்படித்தான். 1903-ல் எட்டு நிறங்களோடு கடைக்கு வந்த அமெரிக்காவின் கிரேயோலா, ஒரு நிறத்துக்குச் 'சதை' என்றே பெயர் வைத்து விற்றுவந்தது. உலகில் இன்னும் பல சதைகள் உண்டு என்று உறைத்து, 1962-ல் அதைப் 'பீச்' பழமாக மாற்றியது. நம் ஸ்டேஷனரிக் கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அதே வெளிர் ரோஜாவைப் பிள்ளைகள் இன்றும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். காசிமேட்டில் எந்தத் திசையில் திரும்பினாலும் அந்தத் தோல் நிறத்தில் மனிதர் ஒருவரும் தென்படமாட்டார். அவித்த இறாலுக்கு மட்டும் அது கச்சிதமாகப் பொருந்தும்.

நம் பக்கமும் பார்ப்போம். கண்ணனைக் கருமுகில் வண்ணன் என்றார்கள். மாயோன் என்ற பெயரே கருமையைச் சொல்வதுதான். பச்சை என்றும் பாடியிருக்கிறார்கள். காலண்டர் அச்சடித்தவர்களோ நீலத்தைப் பூசி வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டார்கள். யாராவது காலண்டரைத் திருப்பிக் கொடுத்தோமா? மதுரை மீனாட்சியைப் பச்சையாகவே கும்பிடுகிறோம். கருத்த சாமி நீலமானதைக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரு சமூகம், கார்ட்டூன் பொடியனின் வேட்டி விஷயத்தில் இத்தனை ஆசாரம் பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

"அதெல்லாம் சரி. இஷ்டத்துக்கு அடிக்கவிட்டால் எது எந்த நிறம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, கேட்கப்படும் இடம்தான் வடசென்னையாக இருக்கக் கூடாது. வானம் நீலம், ஆறு நீலம், பறவை வெள்ளை என்று ஒப்பிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தால் பாடம் அங்கேயே கெட்டுவிடும். ராயபுரத்து வீடுகளுக்குத் துறைமுகமே பல காலம் இரண்டு கிரேயான்களை வைத்து வண்ணம் தீட்டியது: நிலக்கரிக் கறுப்பு, இரும்புத்தாதுச் சிவப்பு. மொட்டை மாடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையையும் அது விட்டுவைக்கவில்லை. கடைசியில் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் தூசு கிளப்பும் சரக்குகளைக் கையாள உயர்நீதிமன்றமே தடை போட வேண்டியிருந்தது. கிரேயான் பெட்டி தொலைந்துபோகவில்லை. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறிற்று, அவ்வளவுதான். எண்ணூரில் ஏற்கனவே சாம்பல் நிறம் கைவசம் இருந்தது. 1970 முதல் 2017 வரை ஓடிய அனல்மின் நிலையம் ஒரு பக்கம், இன்றும் ஓடுகிறவை இன்னொரு பக்கம். சாம்பல் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை மீனவர்களுக்கு மனப்பாடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்துக்கு வந்தபோது, கூழைக்கடாக்கள் இறக்கை கறுத்து உட்கார்ந்திருந்த படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. இந்த ஊர்ப் பிள்ளை ஆற்றுக்குச் சாம்பலும் பறவைக்குக் கறுப்பும் அடித்தால், ஆசிரியர் எந்தச் சிவப்பு மையால் எங்கே பெருக்கல் குறி போடுவார்? தாளில் போடுவது அநியாயம். ஆற்றில் போட முடியாது. (இடையில் ஒன்று: டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பலூன் செய்துதான் பிழைப்பைத் தொடங்கியது. கலரில் தொடங்கிக் கறுப்பில் போய் நிற்பது இந்தப் பக்கத்து ராசி போலும்.)

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கல் வரும். கோடு போட்ட தாளைக் கொடுப்பதே பிள்ளையின் கற்பனையைக் கெடுக்கும் என்பது அது. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-ல் எழுதிய புத்தகத்திலேயே வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கண்டித்துவிட்டார். மனிதர் மார்கழியில் ஒருநாள் நம் தெருக்களில் நடந்திருந்தால் கொஞ்சம் இறங்கி வந்திருப்பார். புள்ளிக் கணக்கு ஒன்று பிசகினாலும் கோலம் போச்சு. அதைவிடக் கறாரான கட்டம் வேறில்லை. ஆனால் உள்ளே கலர்ப்பொடி தூவும்போது கிளிப்பச்சைத் தாமரையும் கத்தரிப்பூ நிற மயிலும் வாசலுக்கு வாசல் முளைக்கின்றன. "தாமரை பச்சையாகவா இருக்கும்?" என்று எந்த மாமியாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கேட்க வேறு ஆயிரம் விஷயம் இருக்கிறது. கோடு கையைப் பழக்கும். பென்சில் பிடிக்கத் திணறும் விரலுக்கு எல்லைக்குள் நின்று பழகுவது நல்லது. லோவன்ஃபெல்ட் பயந்த கெடுதல் வருவது, தாளின் மூலையில் சின்னதாக மாதிரிப் படம் ஒன்றை அச்சிட்டு, 'இதைப் போல் வண்ணம் தீட்டுக' என்று உத்தரவு போடும்போது. அதன்பிறகு அது படமாக இருப்பதில்லை, ரேஷன் கார்டு விண்ணப்பம் ஆகிவிடுகிறது: கட்டத்துக்குள் எழுதவும், அடித்தல் திருத்தல் கூடாது.

அரசுப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குக் கிரேயானும், மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஆயுதம் கையில் இருக்கிறது, கிடைக்காதது படம்தான். பீமின் தோலக்பூரும் டோரேமானின் டோக்கியோவும் தாளில் வருகின்றன, நம் ஊர் வருவதில்லை. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களையும், துறைமுகத்து ராட்சதக் கிரேன்களையும், காசிமேட்டு விசைப்படகையும் யாராவது கோட்டுப் படமாக்கி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பலாம். கூடவே ஒரு கூழைக்கடாவும். மூலையில் மாதிரிப் படம் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.