உற்சாகமூர்த்தி

மாதத்தின் முதல் திங்கட்கிழமை சிப்பந்திகள் அனைவரையும் வரவழைத்து, "இந்தக் கம்பெனியை உங்கள் சொந்தக் கம்பெனியாகவே பாவித்துக்கொள்ளுங்கள்" என்று தழுதழுத்த குரலில் பிரசங்கம் செய்துவிட்டு, அன்றைக்கு ஐந்து நிமிஷம் தாமதித்து வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அரை நாள் லீவு எழுதச் சொல்கிற அதிகாரி ஒருவர், இக்காலத்தில் அநேகமாக எல்லா ஸ்தாபனங்களிலும் எழுந்தருளியிருக்கிறார்.

அவருடைய பிரசங்கத்துக்கு ஸ்தலபுராணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்து த்ரீஎம் கம்பெனியில் ஸ்பென்ஸர் சில்வர் என்ற ரசாயன நிபுணர் 1968-இல் இறுக ஒட்டாத பசை ஒன்றைக் கண்டுபிடித்ததும், சர்ச்சில் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளத் துண்டுகள் உதிர்வதைச் சகியாத ஆர்ட் ஃப்ரை என்ற சகா அதைக் காகிதத்தில் தடவிப் பார்த்ததும், 1980-இல் அந்த ஒட்டுச் சீட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்து பின்னர் உலகத்து மேஜைகளையெல்லாம் மஞ்சளாக்கியதும் அவருக்கு மனப்பாடம். அங்கே வேலை நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடு இருந்ததே, அந்தக் கட்டம் வரும்போது மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். நேரம் கொடுப்பதில் அவர் லோபி என்று சொல்லிவிட முடியாது; இரவு எட்டு மணிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் வேலையைக் கவனி என்று மேலிடம் சொல்லியும் கேளாமல், அதே கம்பெனியில் 1925-இல் ஒட்டு நாடாவைச் செய்து முடித்த ரிச்சர்ட் ட்ரூவின் சரித்திரத்தை அவர் எடுப்பதேயில்லை. சின்னப் பையன்கள் காதில் விழக்கூடாத கதை என்று நினைக்கிறாரோ என்னவோ!

சரக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர், கோயம்புத்தூருக்குப் போகும் நம் லாரிகள் திரும்பும்போது காலியாகத்தானே வருகின்றன, ரிட்டன் லோடு பிடித்தால் டீசல் செலவாவது தேறுமே என்று கணக்கெல்லாம் போட்டு அவர் முன் வைத்தார்.

"பேஷ், தம்பி! இப்படியல்லவா யோசிக்க வேண்டும்! இதற்கு முன் நம் கம்பெனியில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?"

"இல்லை சார், இது புது யோசனை."

"அதுதான் எனக்கும் கவலையாயிருக்கிறது."

கோப்பு புறப்பட்டது. கணக்குப் பிரிவார் "ஆட்சேபணை இல்லை, ஆயினும்" என்று எழுத, சட்டப் பிரிவார் அந்த "ஆயினும்" என்பதை மட்டும் அடிக்கோடிட்டு மேலே அனுப்ப, மேலே இருந்தவர் "பேசவும்" என்று குறித்துவிட்டு வெளியூர் போனார். குமாஸ்தாவுக்கு மாத்திரம் பலன் உடனே கிடைத்தது: பழைய வேலையோடு யோசனை வேலையும் அவர் தலையில் விழுந்தது, லாபம் வந்தால் அது எல்லோருடைய கூட்டு முயற்சி என்றும், நஷ்டம் வந்தால் அவரே முதலாளி என்றும் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.

பொறுத்துப் பார்த்த மனிதர், ராஜினாமாவை நீட்டிவிட்டு, லாரிப்பேட்டைப் பக்கம் ஒரு மேஜையும் டெலிபோனும் போட்டு புக்கிங் ஆபீஸ் திறந்தார். முதல் காரியமாக, பழைய கம்பெனியின் காலி லாரிகளுக்கு ரிட்டன் லோடு பிடித்துத் தருவதாகக் கமிஷன் விகிதத்தோடு கடிதம் போட்டார். அச்சடித்த தாளில் வெளியார் எழுதிய கடிதமாகையால், "ஆயினும்" ஏதுமின்றி அன்று மாலையே கையெழுத்தாயிற்று.

வருஷாந்திர அறிக்கையில், ஊக்குவிப்புத் திட்டத்தால் உருவான தொழில்முனைவோர் எத்தனை பேர் என்ற கட்டத்தில், நமது அதிகாரி கூச்சமில்லாமல் "1" என்று நிரப்பினார்.