தாயை அப்பத்தா தேர்ந்தாள், தகப்பனைக் காற்று தேர்ந்தது

மார்கழியில் சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்கு பஸ்ஸில் வந்தால், ஜன்னலுக்கு வெளியே பட்டாசு ஆபீஸ் வேலி, அது முடிந்ததும் மக்காச்சோளம், மறுபடி வேலி, மறுபடி மக்காச்சோளம் என்றுதான் கரிசல் இப்போது கண்ணில் படுகிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை, ஒன்றாகப் பூ எடுத்தவை. பருத்தியும் கம்பும் குதிரைவாலியும் துண்டு துண்டாகக் கிடந்த காட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெருமையாகவும் இருக்கிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

எங்கள் சிறுவயதில் மக்காச்சோளத்தை யாரும் வெள்ளாமைக் கணக்கில் சேர்த்ததில்லை. கிணற்றுத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் நாலு வரிசை நிற்கும். ஒன்றரை ஆள் உயரம் ஓடி, காற்றடித்தால் சாய்ந்து, ஒரு செடியில் கருது பெருத்தும் அடுத்ததில் பொக்கையாகவும் இருக்கும். இளங்கருதின் பட்டு முடியைப் பிய்த்து மீசை ஒட்டிக்கொண்டு திரிந்த கூட்டத்தில் நான் இருந்தேன், நீங்களும் இருந்திருப்பீர்கள். அந்த முடி ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிற பாதை, மகரந்தம் அதன் வழியே இறங்கினால்தான் அந்த இடத்தில் மணி பிடிக்கும் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தபோது, எங்கள் ஊர் மீசைகளையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அறுப்பு முடிந்ததும் அப்பத்தா களத்தில் உட்கார்ந்து விதைக்கருது பொறுக்குவாள். நுனி வரை மணி கட்டியிருக்கிறதா, வரிசை கோணாமல் ஓடுகிறதா என்று உருட்டி உருட்டிப் பார்த்து, தேறியதைத் தோகையோடு முடிந்து அடுப்புக்கு மேலே கட்டிவிடுவாள். புகை ஏறிய கருதில் வண்டு அண்டாது. விதைப்பு வந்ததும் அடிமணியையும் நுனிமணியையும் உதிர்த்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, நடுமணியை மட்டும் எடுப்பாள். அவள் செய்ததும் பயிர்ப்பெருக்கம்தான். ஆனால் தாயை மட்டும்தான் அவளால் தேர்ந்தெடுக்க முடிந்தது. தகப்பன் எந்தச் செடி என்பதைக் காற்று முடிவு செய்தது.

தகப்பனையும் நாமே தேர்ந்துகொள்ளலாம் என்று 1908-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் காட்டினார். ஒரு செடியின் மகரந்தத்தை அதற்கே கொடுத்துக்கொண்டு வந்தால் தலைமுறைக்குத் தலைமுறை சவலையாகும். அப்படிச் சவலையான இரண்டு வம்சத்தைக் கலந்தால் பிள்ளை திமிறிக்கொண்டு வளரும். இந்தியாவில் 1957-இல் ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி, 1961-இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் என்று வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் ஆராய்ச்சி நிலையத்தார் வெப்பமண்டலத்து டக்ஸ்பெனோ ரகத்தில் குட்டைச் செடியாகவே பொறுக்கிப் பொறுக்கி, 15 சுற்றில் சுமார் 280 செ.மீ. உயரத்தை 180 செ.மீ.க்கு இறக்கினார்கள். தட்டைக்குப் போன சத்து கருதுக்குத் திரும்பியது, நெருக்கி நடவும் முடிந்தது. மழை பொய்த்தால் ஆண்பூ உதிர்ந்த பிறகே பட்டு முடி தள்ளும், கருது பொக்கையாகும். அந்த இடைவெளி குறைந்த செடிகளையும் தேடித் தேர்ந்தார்கள். நம் மானாவாரிக் காட்டுக்கு இதைவிட வேண்டிய குணம் வேறு எது?

1950-51-இல் நாடு முழுவதற்கும் ஹெக்டேருக்கு சுமார் 550 கிலோவாக இருந்த சராசரி விளைச்சல் இன்று 3 டன்னைத் தாண்டிவிட்டது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்காமல், பெண்களெல்லாம் விடியலிலேயே பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறிவிடுகிற ஊரில், ஆள் குறைவாகக் கேட்கும் இந்தப் பயிர்தான் நிலத்தைத் தரிசாகாமல் காப்பாற்றியது என்பேன். விளைந்தது கோழித்தீவனத்துக்கு லாரி ஏறிவிடுகிறது. அடுப்புத் தணலில் சுட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, வாய்க்கால் திண்டில் உட்கார்ந்து தின்ற இளங்கருதுதான் இல்லை. வீரிய ஒட்டில் விளைந்ததை மறுபடி விதைத்தால் அந்த வீரியம் இறங்கிவிடும் என்பதால், வருஷா வருஷம் விதைப்பைக்குக் கடை வாசலில் நிற்கிறோம். 2018-இல் படைப்புழு வந்தபோது, ஒரே மாதிரி நின்ற காடெல்லாம் ஒரே மாதிரி குருத்தைப் பறிகொடுத்தது.

வீரிய ஒட்டு வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.எம். 6, 8 போன்ற ரகங்களை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். அதோடு, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய நாட்டுக் கருது மிச்சமிருந்தால், அதே பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். வறட்சிக்கும் புழுவுக்கும் தாங்குகிற அடுத்த ரகத்துக்குத் தாயோ தகப்பனோ அதில் இருக்கலாம்.