ஐந்து கட்டக் குதிரை

வார இதழில் குறுக்கெழுத்து போடும் புண்ணியவான் குதிரையை விடவே மாட்டேன் என்கிறார். பாசமெல்லாம் இல்லை. சேணம், லாடம், லாயம்: மூன்றும் மூன்றெழுத்து, மூன்றும் 'ம்'மில் முடியும். கட்டத்தின் ஓரத்தில் இடம் மிஞ்சினால் ஒரு குதிரையைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். 'குதிரை தொடர்பானது (3)' என்று மட்டும் குறிப்பு வந்தால், எந்த 'ம்' என்று தெரிய அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நாமக்கல்லில் உட்கார்ந்து இதை நிரப்புகிறவன் கதியை யோசியுங்கள். எங்களுக்குத் தெரிந்தது கோழி, முட்டை, லாரி. குதிரை பார்க்க வேண்டுமானால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். எழுத்து எண்ணிச் சொல்ல மாட்டார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் எடுத்த தமிழின் முதல் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அதில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். வரும்போது அவர் கால் எதில் நிற்கிறது என்று யார் பார்த்தார்கள்?

என் மாமனார் பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். அவர் அறிந்த குதிரை பானெட்டுக்குள் இருக்கும் குதிரைத்திறன். கடிவாளம் அவருக்குப் புதிதல்ல. டீசல் விலைக்குப் போடச் சொல்லி எல்லாக் கட்சியும் மேடையில் கேட்கிறது. அதைக் குதிரைக்கும் போடுவார்கள் என்பதுதான் செய்தி.

"வாய்க்குள்ள இரும்பு, அதுல வாருங்க மாமா. ஒரு பக்கம் இழுத்தா திரும்பும், ரெண்டையும் இழுத்தா நிக்கும்."

"ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒரே வாருலயா? இதுக்கு எவனுங்க மாப்ள எஃப்.சி. குடுத்தான்?"

அடுத்தது, 'குதிரையில் ஏறுபவர் கால் வைக்கும் வளையம் (5)'. அங்கவடி என்று நான் வாயெடுப்பதற்குள் பேனாவால் எழுதிவிட்டார்: ஃபுட்போர்டு.

"ஆய்த எழுத்துக்குத் தனிக் கட்டம் வேணுமே மாமா?"

"மடியில உக்கார்ற புள்ளைக்கு டிக்கெட் ஏதுங்க?"

எண்ணினேன். ஐந்தேதான். ஆனால் அதன் இரண்டாம் கட்டத்தை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒன்று இறங்குகிறது: '1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை'. 'ங்' இருக்க வேண்டிய இடத்தில் 'ட்' உட்கார்ந்ததால் கோட்டை 'சட்ககிரி' ஆகிவிட்டது. காட்டினேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சங்ககிரிய விட்டுருங்க மாப்ள. அங்க ஒரு பார்ட்டி போன வருச லோடுக்கே இன்னும் வாடகை தரல."