பாலக்கோட்டுத் தக்காளியும் இத்தாலிய நாழிகையும்

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் தன் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறான் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் நானே என்பதால் பயணப்படி மிச்சம்.

எந்த ஆய்வேடும் சங்க காலத்தில் தொடங்கியாக வேண்டும் என்பது மரபு. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஊரே பழைய தகடூர். ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கைக்கு வந்தும் அதியமான் அதை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். ஔவை கடை வைத்திருக்கவில்லை. இவ்வூர்க் கடைக்காரர்களுக்கு இன்றுவரை நேரம் போதாததன் வேர் அங்கேதான் கிடக்கிறது (டீ மாஸ்டர், வாய்மொழி).

கடைக்காரனின் காலம் நால்வகைப்படும்.

ஷட்டர் தூக்கும் காலம்: எண்ணெய் போடாதவரை நீளும்.

ராகு காலம்: கடன் கேட்டு வருபவரை நாளைக்கு அனுப்ப உதவும்.

மின்வாரியப் பராமரிப்பு நாள்: காலை 9 முதல் மாலை 5 வரை, ஜெராக்ஸ்காரனுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை.

நான்காவது 'அஞ்சு நிமிஷம்'. இதை விரித்தே ஆகவேண்டும்; அதற்கு முதலில் இத்தாலி வரை போய்வர வேண்டும்.

1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவக் கடிகாரத்தைக் கொண்டு ஒரு முறை வகுத்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. இத்தாலியத்தில் தக்காளிக்கு 'பொமொடோரோ' என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராயிற்று.

இங்கேதான் அறிஞர்கள் கோட்டைவிட்டார்கள். நம் நாழிகை 24 நிமிடம். தக்காளி என்றால் பாலக்கோடு. ஆகவே பாலக்கோட்டு மண்டியிலிருந்து தக்காளியும் நாழிகையும் ஒரே கூடையில் இத்தாலிக்குப் போயின என்பது வெள்ளிடைமலை. தக்காளி தென் அமெரிக்கச் செடியாயிற்றே என்று மறுப்பார்கள். மறுப்போர் விடியற்காலையில் மண்டிக்கு வந்து பேசட்டும்.

எஞ்சுவது அந்த ஒரு நிமிடம். 24 எப்படி 25 ஆயிற்று? கப்பலில் பழுத்து ஊதியது என்பார் ஒரு சாரார். சில்லறை தேடிய நேரம் என்பார் இன்னொரு சாரார். கூடையோடு சேர்த்து நிறுத்துவிட்டார்கள் என்பதே என் துணிபு (மண்டியில் கூடை தூக்கும் அண்ணன் ஒருவர், பீடி பற்றவைக்கும் முன் அளித்த நேர்காணல், பற்றவைத்த பின் கருத்தை மாற்றிக்கொண்டார்).

இனி கள ஆய்வு. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி. ராகு காலம், கூட்டம் இராது என்று நம்பி, கணக்கு நோட்டைத் திறந்து செல்போனில் 25 நிமிடம் வைத்தேன். இரண்டாம் நிமிடம்: "ஆதார் முன்னாடி பின்னாடி, ஒரே பக்கத்துல வரணும்." நான்காம் நிமிடம்: "அண்ணா, பேனா இருக்கா?" ஒன்பதாம் நிமிடம்: "பாப்பாரப்பட்டி பஸ் போயிடுச்சா?" பதினொன்றில் பென்னாகரத்து அம்மா ஒருவர். "ஃபாரத்த நீயே எழுதிக் குடுத்துடு சாமி, அஞ்சு நிமிஷந்தான்." எழுதி முடிக்க நாற்பது நிமிடம். இடையில் செல்போன் அடித்தது; அது தன்னுடையது என்று அவர் பையைத் துழாவிய நேரமும் இதில் அடக்கம்.

இத்தாலியர் முறைக்குச் சாத்திக்கொள்ள ஓர் அறைக்கதவு வேண்டும். என்னிடம் இருப்பது ஷட்டர். அதை இறக்கினால் கணக்கு எழுதலாம். எழுதக் கணக்குதான் இருக்காது.

அன்று மாலை ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். மறுநாள் கடைசி நாளாம். நான்கு படி, பைண்டிங், அதுவும் அஞ்சு நிமிஷத்தில். இந்தக் கட்டுரை நடையை நான் கற்றதே இப்படிப்பட்ட தாள்களை அடுக்கும்போதுதான். அவருடைய துணைநூற்பட்டியலைப் போன வருடமே வேறொருவருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு நூலாசிரியர் பெயரில் விழுந்திருந்த எழுத்துப்பிழைகூட அதே இடத்தில் அப்படியே இருந்தது. நகலெடுப்பது என் தொழில் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவர் வைத்த பாக்கி 80 ரூபாய் (கடன் நோட்டு, இரண்டாம் தொகுதி, எண்ணெய்க் கறைக்கு மேல் மூன்றாம் வரி, பக்கத்தின் கீழ்ப்பாதி போண்டா மடிக்கக் கிழிக்கப்பட்டதால் மூலபாடம் சிதைந்துள்ளது, அதற்கான உரையை என் வீட்டுக்காரம்மா நாள்தோறும் சொல்லிவருகிறார்). "ஏடிஎம் போய்ட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேண்ணா" என்று போனார். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அளவீட்டை வெளியிடுவேன்.