வளர்ந்த காலுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: அன்னவாசல் கடைவீதியில் தையல் மெஷின் போட்டிருக்கும் ஒருவன் (38 சதவீதம்).

பெறுநர்: ஊனத்துக்குச் சதவீதம் போடும் பெருமக்கள், முதல் மாடி (படி வழியாக).

பொருள்: என் இடது கால் இரண்டு இஞ்சு வளர்ந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் என்னைப் பார்த்த பார்வை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பிப்போன காலுக்காக அம்மா நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா எண்ணெய்க்கட்டு, பச்சிலைக்கட்டு என்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தார். இரும்புக் காலிப்பரும் மாட்டிப் பார்த்தோம். கால் மசியவில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு தங்கள் முன்னால் வந்து நின்றேன். மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தபடியே, காலைத் தொடாமல், வேட்டியைக்கூட விலக்கச் சொல்லாமல், பழைய அட்டையில் 50 சதவீதம் என்று இருந்ததை 38 ஆக்கிவிட்டீர்கள். பன்னிரண்டு சதவீதம் ஒரே நிமிஷத்தில் குணம். மாரியம்மன் பூக்குழி இறங்கச் சொல்லியிருப்பாள். தாங்கள் கேட்டது இரண்டு ஜெராக்ஸ்தான்.

வராதவர்களுக்காக அந்த வைபவத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊனச் சான்று முகாம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. சுவரைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதைப் பின்னாலேயே இழுத்து, சட்டை முதுகோடு ஒட்ட மேலே வந்து சேர்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் நாலு எட்டு நடந்து காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். பிறகு ஒரு கேள்வி.

"மாடிக்கு எப்படி வந்தீங்க?"

"படியேறித்தான் சார்."

"அப்புறம் என்னங்க? நல்லாத்தானே இருக்கீங்க!"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு சதவீதம் போய்விடுமோ என்ற பயம்.

இந்தப் பரிசோதனையின் நுட்பம் வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. படியேற முடிந்தவனுக்கு ஊனமில்லை. ஏற முடியாதவன் முகாமுக்கே வரவில்லை. இதே முறையில் போனால் சீக்கிரமே மாவட்டத்தில் ஓர் ஊனமுற்றவரும் மிஞ்சமாட்டார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான ஐந்து வருஷத்துக்குள் எங்களுக்குத் தோதாக மாற்றச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனோடு சரி. அசட்டுத்தனமாக அதைக் கேட்டு ஒரு சாய்தளம் கட்டியிருந்தால், எங்களைச் சோதிக்கத் தங்களுக்குப் படிக்கட்டே இருந்திருக்காது. என்ன தொலைநோக்கு!

மகள் காலேஜில் படிக்கிறாள். ஊனத்தை அளப்பதற்கு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியைப் போனில் எடுத்துப் படித்துச் சொன்னாள். காலுக்கு ஒன்பது சோதனையாம். சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குத்தவைப்பது, சம்மணம் போடுவது, முழங்காலிடுவது, திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் பத்து, ஆக 90. மூட்டின் அசைவுக்கும் தசையின் பலத்துக்கும் சேர்த்து இன்னொரு 90. இரண்டும் கூடி 180 ஆகிவிடாமல், தொண்ணூறைத் தாண்டாதபடி ஒரு சூத்திரமும் வைத்திருக்கிறார்கள். ஒன்பதில் தாங்கள் கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று. மிச்சம் ஏழையும் ஞானத்தால் அறிந்துகொண்டீர்கள்.

அதற்கடுத்த வரியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கால் குட்டையாக இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு: முதல் அரை இஞ்சுக்கு ஒன்றுமில்லை, அதற்குமேல் ஒவ்வோர் அரை இஞ்சுக்கும் 4. முதல் அரை இஞ்சு அரசாங்கத்துக்கு அன்பளிப்பு என்று வைத்துக்கொள்கிறேன். (பேண்ட்டில் அரை இஞ்சு குறைத்துத் தைத்தால் அன்னவாசலில் எவனும் கூலி தரமாட்டான் என்பது வேறு விஷயம்.) என் இடது கால் வலதைவிட இரண்டு இஞ்சு குட்டை. ஆயுசெல்லாம் டேப் பிடித்த கை, அளவு தப்பாது. அன்பளிப்பு போக ஒன்றரை இஞ்சு, அதாவது மூன்று அரை இஞ்சு, மூநான்கு பன்னிரண்டு. ஐம்பதில் பன்னிரண்டு போனால் முப்பத்தெட்டு!

ஆக, தாங்கள் குணப்படுத்திய பன்னிரண்டு சதவீதம் எது என்று கண்டுபிடித்துவிட்டேன். டேப்பை எடுக்கவே இல்லை. அந்தக் கணமே கால் இரண்டு இஞ்சு வளர்ந்துவிட்டது. விஷயம் காலுக்குத்தான் இன்னும் எட்டவில்லை. பழைய ஞாபகத்தில் நொண்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த வளர்ச்சியால் எனக்குக் கிடைத்த நன்மைகள் பல. 40 இருந்தால்தான் சட்டம் கையைப் பிடிக்கும். 38க்கு அட்டை உண்டு, அதுவும் வெள்ளை நிறத்தில். 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம் என்று 2024இல் விதி திருத்தியிருக்கிறார்கள். மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகைக்கு ஒரு துறை, கடுமையான பாதிப்பு உள்ளவர்களின் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு இன்னொரு துறை. எந்த வாசலில் எந்தக் காகிதத்தை நீட்டுவது என்ற குழப்பம் எனக்கு இனி இல்லை. டெல்லி தரும் பங்குக்கு 80 சதவீதம் ஊனம் வேண்டும், கூடவே வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். தொகை மாதம் 300 ரூபாய், 2012இலிருந்து அதே முந்நூறு. வளராத பொருள் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறதென்றால் அது அந்த முந்நூறுதான், என் கால் அல்ல. ஆந்திராவில் 2024 முதல் 6,000 தருகிறார்கள். தாங்கள் இன்னும் கொஞ்சம் வளர்த்துவிட்டால், இங்கிருந்தபடியே ஒரு காலை அங்கே ஊன்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

அன்று எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். மகனுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். கழுத்து நிற்காது, எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அந்தம்மாவும் அந்தப் படிகளை ஏறியிருக்கிறார். மேலே வந்ததும், "இதுக்கு உண்டான டாக்டர் இன்னைக்கு வரலைம்மா, அடுத்த முகாமுக்கு வாங்க" என்றார்கள். அவர் எதுவும் பேசவில்லை. பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார். கீழே பெயர் பதிகிற இடத்திலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! அந்த ஒரு வார்த்தைக்கு நிதி ஒதுக்க வேண்டுமா, டெண்டர் விட வேண்டுமா, டெல்லியிலிருந்து ஆணை வர வேண்டுமா? எங்கள் வீட்டுப் பிள்ளையை நாங்கள் சுமக்கிறோம், அதற்கு யாரிடமும் கூலி கேட்கவில்லை. அவனுக்கு ஊனம் இருக்கிறதென்று உங்களுக்கு நிரூபிக்கவும் நாங்களேதான் அவனைச் சுமந்து ஏறவேண்டுமா?

மன்னிக்கவும். வளர்ந்த கால் அல்லவா, கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

தங்கள் பொறுமையைத்தான் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். சான்று தர முன்பு ஒரு மாதம் இருந்த அவகாசத்தை 2024இல் மூன்று மாதமாக்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷமாகியும் தாங்கள் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் தானாகவே செத்துவிடும். நாங்கள் முதலிலிருந்து எழுதிப் போடலாம். தாமதம் தங்களுடையது, கருமாதி எங்கள் செலவில். எங்களுக்குப் பக்கத்தில்தான் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டம் குகையில் கல்லைப் படுக்கையாகச் செதுக்கி, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து உயிர்விட்ட சமணத் துறவிகளின் மலை. காத்துக் கிடப்பதில் இரண்டாயிரம் வருஷப் பழக்கமுள்ள மண், இரண்டு வருஷம் எம்மாத்திரம்!

இதை மேல்முறையீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி அதைத் தனியாக எழுதிவிட்டேன். இது நன்றியும் சில சின்ன வேண்டுதல்களும் மட்டுமே. வளர்ந்த இரண்டு இஞ்சு எங்கே இருக்கிறதென்று தெரிவித்தால் வந்து வாங்கிக்கொள்கிறேன். செருப்புக்கு அடியில் தக்கை ஒட்டும் செலவு மிச்சமாகும். அடுத்த முகாமைக் கீழ்த்தளத்தில் போட்டு, எந்த டாக்டர் வருவார், எவர் வரமாட்டார் என்று வாசலில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். அட்டையும் சாக்பீஸும் என் செலவு. ஒரு இஞ்ச் டேப் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கமும் எண் போட்டிருக்கும், எந்தப் பக்கம் பிடித்தாலும் அளக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அன்னவாசல் தையல்காரன்

இணைப்பு: டேப் ஒன்று.

நகல்:
1. படிக்கட்டு (தகவலுக்காக)
2. இடது கால் (தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்)