சாமுண்டி காப்பாற்றுவாள், பில்லை யார் கட்டுவது?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டேன். முக்கால்வாசி குவெம்புநகர் தண்ணீர் வராத கதை. முடிகிற சமயத்தில், போகிற போக்கில், "ஆமாம், அங்கே வர்றதுக்கு அந்த டிராவல் இன்சூரன்ஸ் அவசியம் போடணுமாடா?" என்று ஒரு கேள்வி. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பெரியம்மா நடுவில் பிடுங்கிக்கொண்டு "இன்னிக்கு என்ன சமைச்சே?" என்பாள். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் அக்கா வீட்டுக்கு ஜெர்மனி போனபோது கட்டிய பணம் தண்டம் என்கிறீர்கள். ஒரு தும்மல்கூட வரவில்லையாம். ஊருக்குத் திரும்புகிறவரை உடம்பு நன்றாக இருந்ததற்காக வருத்தப்படும் மனிதர் மைசூரில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

ஆனால் அங்கே உங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியே ஆகவேண்டும். கனடாவில் பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்க சூப்பர் விசா கேட்டால், ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் காட்டு என்பார்கள். இந்த அமெரிக்காக்காரனோ வாயைத் திறக்கமாட்டான். விசாவுக்காக வந்தே பாரத் பிடித்துச் சென்னைக்குப் போய் நின்றீர்களே, என்ன கேட்டார்கள்? கூப்பிடுகிற பையனுக்கு என்ன வேலை, எப்போது திரும்பி வருவீர்கள், அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்காததால் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அங்கேதான் கோளாறு. கட்டாயப்படுத்துகிற ஊரில் ஆஸ்பத்திரிச் செலவு ஏதோ தாங்குகிற மாதிரி இருக்கிறது. கட்டாயப்படுத்தாத இந்த ஊரில்தான் வீட்டுப் பத்திரத்தைத் தேட வேண்டிவரும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி, தஞ்சாவூர்ப் பக்கம், மகனிடம் வந்திருந்தார். இன்சூரன்ஸ் கிடையாது. ஜனவரியில் ஒரு நாள் காலை பால் வாங்கக் கிளம்பினவர், வாசலில் தரை ஈரமாக இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தார். அது ஈரமில்லை, கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த பனிக்கட்டி. விழுந்த வேகத்தில் மணிக்கட்டு போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் 911-ஐக் கூப்பிட, கொஞ்ச நேரத்தில் போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் மூன்றும் விளக்கு சுழலச் சுழல வந்து நின்றன. மாமி தரையில் உட்கார்ந்தபடியே, "கைதானேடா உடைஞ்சது, வீடா எரியறது? ஒரு ஆட்டோ கிடைக்காதா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் யாரும் முன்பணம் கட்டச் சொல்லவில்லை. அவசரச் சிகிச்சைக்கு வருகிறவர்களைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. மாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சூடான போர்வை போர்த்தி, கட்டுப் போட்டு, ஆப்பிள் ஜூஸ் கொடுத்து அனுப்பினார்கள். "ராமராஜ்யம்னா இதுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிகிச்சை தரவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இலவசமாகத் தரவேண்டும் என்று சொல்லவில்லை. சில வாரம் கழித்துக் கவர்கள் வர ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு பில். கையைப் பார்த்த டாக்டருக்கு ஒரு பில். எக்ஸ்ரே எடுத்ததற்கு ஒன்று. அந்த எக்ஸ்ரேயை எங்கேயோ உட்கார்ந்து பார்த்து, ஆமாம் உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவருக்கு இன்னொன்று. ஆம்புலன்ஸுக்குத் தனி. நம்மூரில் 108-ஐக் கூப்பிட்டால் காசா பணமா, வந்து ஏற்றிக்கொண்டு போவான். இங்கே வண்டியில் ஏறின நிமிஷத்திலிருந்து கணக்கு.

மொத்தத் தொகையை எழுதப்போவதில்லை. பெரியம்மா படித்தால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவாள். மாமி அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பிறகு பிள்ளையாண்டான் பில் ஆபீஸுக்கு மாற்றி மாற்றிப் போன் பண்ணிப் பேரம் பேசினான். ஆமாம், இங்கே ஆஸ்பத்திரி பில்லில் பேரம் உண்டு. தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கிப் பழகிய பெரியம்மா கையில் கொடுத்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

சாமுண்டி பார்த்துக்கொள்வாள் என்பீர்கள். அவளை நான் குறைத்துச் சொல்வேனா? ஆனால் அவளைக் குலதெய்வமாகக் கும்பிட்ட மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார்தான், சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1891-லேயே அரசு ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் கொண்டுவந்தார். நீங்கள் முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தீர்களே, அந்த கே.ஜி.ஐ.டி. என்கிற கர்நாடக அரசு இன்சூரன்ஸ் துறையின் ஆரம்பம் அதுதான். மகாராஜா அதற்கப்புறம் அதிக காலம் இருக்கவில்லை. 1894 டிசம்பரில் கல்கத்தாவுக்குப் போன இடத்தில் டிப்தீரியா வந்து போய்விட்டார். வயசு 31. போன இடத்தில் சீக்கு வருவதற்கு ராஜா, குமாஸ்தா என்று பேதம் இல்லை.

ரயில் டிக்கெட் போடும்போது மட்டும் அந்த 45 பைசா இன்சூரன்ஸை ஒரு தடவைகூட விடமாட்டீர்கள். 45 பைசாவுக்குப் பத்து லட்சம் பார்த்த கண்ணுக்கு இங்கத்திய பிரீமியம் கொள்ளையாகத்தான் தெரியும். உங்கள் மெடிக்ளெயிமை நம்பி வராதீர்கள். அந்த மாதிரிப் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் செல்லும்.

விற்கிறவன் பெட்டி தொலைந்தால், விமானம் ரத்தானால், பாஸ்போர்ட் காணாமல் போனால் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பெட்டி தொலைந்தால் ஓரளவுக்கு விமானக் கம்பெனியே பொறுப்பு, அதற்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. நீங்கள் ஒளித்துக்கொண்டு வர நினைக்கும் நஞ்சன்கூடு ரசபாளேக்கும் கறிவேப்பிலைக்கும் எந்தப் பாலிசியும் பொறுப்பேற்காது. ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டியது மருத்துவம் ஒன்றுதான், அதை மட்டும் தாராளமாகப் போடுவோம்.

அதிலும் இரண்டு ரகம். மலிவான ரகத்தில் எக்ஸ்ரேக்கு இவ்வளவு, ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு போட்டிருப்பான். அதற்கு மேல் ஆவதெல்லாம் என் தலையில். மற்ற ரகத்தில் முதலில் ஒரு தொகையை நாம் கொடுத்துவிட்டால், மீதியில் பெரும்பகுதியைப் பாலிசித் தொகைவரை அவன் பார்த்துக்கொள்வான். விலை கூடத்தான். இருந்தாலும் இரண்டாவதுதான், வாதம் வேண்டாம்.

உங்கள் சர்க்கரை விஷயம். பழைய வியாதிக்குப் பாலிசியில் இடமில்லை என்பதுதான் பொது விதி. அது திடீரென்று தலைதூக்கி ஆபத்தானால் மட்டும் கொடுக்கிற பாலிசிகள் உண்டு. அப்படி ஆனால் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயிருக்கவேண்டும் என்று பலவற்றில் நிபந்தனை. "காலையில பார்த்துக்கலாம், ஒரு சுக்குக் கஷாயம் போடு" என்கிற உங்கள் வைத்தியமெல்லாம் அங்கே எடுபடாது. விண்ணப்பத்தில் சர்க்கரை இல்லை என்று எழுதுகிற எண்ணமும் வேண்டாம். கிளெயிம் என்று வந்தால் மைசூர் டாக்டரின் பழைய சீட்டுவரை கேட்பான். மாத்திரைகளைத் தங்கும் நாள் முழுக்கக் காணும்படி, சீட்டோடு கொண்டுவாருங்கள். ஆடுகிற கடைவாய்ப்பல்லை அங்கேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கீழே விழுந்து உடைந்தாலொழியப் பல்லுக்கு இவன் பெரிதாகக் காசு கொடுக்கமாட்டான்.

பாலிசியில் ஒரு பக்கம் வரும். இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்புகிற செலவு என்று. அந்தப் பக்கத்தைப் பெரியம்மா கண்ணில் காட்டாமல் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். 70 வயசு தாண்டினால் பல கம்பெனிகள் பாலிசித் தொகையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுப் பிரீமியத்தை ஏற்றிவிடுகின்றன. பெரியம்மா கணக்கில் நீங்கள் 70-ஐத் தாண்டி இரண்டு தீபாவளி ஆயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாத்தா ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவைக்க, பாஸ்போர்ட்படி வருகிற ஆவணியில்தான் 70. கம்பெனிக்குப் பாஸ்போர்ட்தான் வேதம். ஆகையால் ஆனியிலேயே கிளம்புங்கள், பாலிசியை நான் இங்கிருந்தே போட்டுவிடுகிறேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போன தடவை மாதிரி பெருவிரல் தேதியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குமார்